ஈத்தூண்டில்: கருவி தேர்தலும் ஈ கட்டுதலும்

அயிரையை விட்டு வராலைப் பிடிப்பது என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. பெரிய மீன் வேண்டுமானால் சிறிய மீனையாவது கொடுத்தாக வேண்டும் என்பது அதன் கருத்து. மண்புழுவோ மாவுருண்டையோ, மீன் தின்னக்கூடிய ஏதோ ஒன்றை முள்ளில் கோத்துத்தான் நாம் தூண்டில் போடுகிறோம். ஆனால் மீனுக்கு எதையுமே கொடுக்காமல், ஒரு சேவல் இறகையும் இரண்டு முழம் நூலையும் காட்டியே அதைப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதை 'ஃப்ளை ஃபிஷிங்' என்பர். இக்கட்டுரையில் அதனை ஈத்தூண்டில் என்றே வழங்குவோம்.

நீலகிரியில் பிறந்து, விலங்கியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் இதுபற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. எந்தக் கோலை வாங்குவது? எந்த ஈயைக் கட்டுவது? இரண்டுக்கும் விடை கடையில் இல்லை, ஓடையில் இருக்கிறது என்பதே நான் அவர்களுக்குச் சொல்வது. மீன் எதைக் காண்கிறது, எதைத் தின்கிறது என்று அறிந்தவனுக்குக் கருவியைத் தேர்வது எளிது. அதை அறியாதவனுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் வெறுங்கழியே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த வழி

ஈத்தூண்டிலைப் பற்றிய மிகப் பழைய தெளிவான குறிப்புகளுள் ஒன்று, கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் ரோம ஆசிரியர் கிரேக்க மொழியில் எழுதிய விலங்குகள் பற்றிய நூலில் காணப்படுகிறது. மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் புள்ளிகளையுடைய மீன்கள் நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயைத் தின்கின்றன. அந்த ஈயை மனிதன் கையால் தொட்டால் அதன் நிறம் கெட்டு இறகு வாடிவிடுகிறது. ஆகவே அவ்வூர் மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, இரண்டு சேவல் இறகுகளைப் பொருத்தினர் என்கிறார் அவர். செயற்கை ஈ ஏன் பிறந்தது என்பதற்கான காரணம் இதில் அடங்கியிருக்கிறது. உண்மையான ஈ முள்ளில் நில்லாத அளவுக்கு மென்மையானது.

இங்கிலாந்தில் 1496இல் அச்சான ஒரு தூண்டில் நூல், எந்த மாதத்துக்கு எந்த ஈ என்று பன்னிரண்டு ஈக்களைக் கட்டும் முறையைக் கூறுகிறது. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் 1653இல் வெளிவந்தது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் ஈத்தூண்டில் பற்றிய பகுதியைச் சேர்த்தவர் சார்லஸ் காட்டன். ஜப்பானிய மலைவாழ் மீனவர்களோ 'டென்காரா' என்னும் முறையை வளர்த்தனர். நீண்ட கோல், அதன் நுனியில் கட்டிய கயிறு, ஓர் ஈ, இவ்வளவே அதன் கருவிகள்.

நம் மலைக்கு இக்கலை வந்தது டிரவுட் மீனோடு. குளிர்ந்த, ஓடும், பிராணவாயு மிகுந்த நீரில்தான் டிரவுட் வாழும். 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலை எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் நீலகிரிக்கு இம்மீனைக் கொண்டுவர முயன்று வெற்றி பெறவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பார் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட் மீனை இங்கே நிலைபெறச் செய்தார். காஷ்மீரத்தில் 1900ஆம் ஆண்டிலேயே பழுப்பு டிரவுட் குடியேறிவிட்டது.

மீன் காண்பது என்ன?

இயற்பியல் வகுப்பில் ஒளிவிலகல் படித்தவர்கள் இதனை உடனே புரிந்துகொள்வர். நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிந்த ஒரு கூம்பின் வழியாகவே தெரிகிறது. அதாவது, மீனின் தலைக்குமேல் வட்டமான ஒரு சன்னல். ஓரடி ஆழத்தில் இருக்கும் மீனுக்கு அச்சன்னலின் விட்டம் சுமார் இரண்டேகால் அடி. மீன் இன்னும் மேலே வந்தால் சன்னல் சுருங்கும். ஆழத்துக்குச் சென்றால் விரியும். சன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்புறம் கண்ணாடிபோல் ஓடையின் தரையையே எதிரொளிக்கும்.

ஓர் ஈ நீர்மேல் மிதந்து வருகிறது. அது சன்னலுக்குள் நுழையும் வரை அதன் உடலும் இறகும் மீனுக்குத் தெரிவதில்லை. அந்தக் கண்ணாடியின்மீது ஈயின் ஆறு கால்களும் அழுத்தும் சிறு பள்ளங்கள் ஒளிப்புள்ளிகளாய் மின்னுவதே முதலில் தெரிகிறது. மிதக்கும் செயற்கை ஈயின் கழுத்தில் விறைப்பான சேவல் இறகைச் சுற்றுவதன் காரணம் இதுதான். அவ்விறகின் நுனிகள் நீரில் பதித்துக் காட்டுவது ஈயின் கால்தடத்தை. கையில் வைத்துப் பார்க்கும் நமக்கு அது எந்தப் பூச்சியைப் போலவும் இல்லை என்று தோன்றலாம். கீழிருந்து பார்க்கும் மீனுக்கோ அதுவே போதுமானது. கடையில் நம் கண்ணைக் கவரும் ஈக்கள் பல ஓடையில் தோற்பதும் இதனாலேயே.

ஒரு கல்லைப் புரட்டுக

ஓடைக்குச் சென்றதும் தூண்டிலை எடுக்காதீர்கள். முழங்கால் ஆழத்தில் கிடக்கும் ஒரு கல்லைத் தூக்கி, அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். மூன்று வகைப் பூச்சிகளை அங்கே காணலாம்.

முதலாவது மே ஈ. இதன் இளநிலை நீருக்குள் வாழும். வயிற்றின் இருபுறமும் செவுள்கள் அசைந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் மூன்று மெல்லிய வால்கள் இருக்கும். வளர்ந்தபின் நீர்மட்டத்துக்கு வந்து தோலுரித்துப் பறக்கும். பறக்கும் இறகு முளைத்த பின்னும் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றே. முதிர்ந்த மே ஈக்கு உண்ணும் வாயுறுப்பு இயங்குவதில்லை. இனம் பெருக்கிச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அது மடிந்துவிடும்.

இரண்டாவது கேடிஸ் ஈ. இதன் புழுக்களிற் பல மணலையும் குச்சியையும் தம் வாயிலிருந்து வரும் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டி, அதனுள் வாழும். கல்லில் ஒட்டிய சிறு குழாய்போல் தெரிவது அதுவே. முதிர்ந்த பூச்சி அமரும்போது இறகுகளைக் கூரைபோல் சாய்த்து மடித்துக்கொள்ளும்.

மூன்றாவது கல் ஈ. இரண்டு வால்கள், தட்டையான உடல். இது கரைக்கல்லின்மீது ஊர்ந்தேறித் தோலுரிக்கும்.

டிரவுட் தன் உணவின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே தின்கிறது என்பதை மறக்கலாகாது. மேலே வளையங்கள் எழும்பினால் மிதக்கும் ஈ. ஒன்றும் தெரியாவிட்டால் மூழ்கும் ஈ. எந்த அளவு முள், எந்த நிறம் என்பதை நீங்கள் புரட்டிய கல்லே சொல்லும். பூச்சியின் நீளத்தை முள்ளின் தண்டோடு ஒப்பிடுங்கள். நிறம் சற்று மாறினாலும் மீன் பொறுக்கும். அளவு மாறினால் பெரும்பாலும் பொறுக்காது.

கருவி தேர்தல்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை கயிற்றை இழுத்துச் செல்கிறது. ஈத்தூண்டிலில் முறை தலைகீழ். ஈக்கு எடையென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆகவே கயிற்றுக்கே எடையைக் கொடுத்து, அதனைச் சாட்டைபோல் வீச, அது ஈயைத் தூக்கிச் செல்கிறது. இதைப் புரிந்துகொண்டால் கருவிகளை எந்த வரிசையில் தேர்வது என்பதும் புரியும். முதலில் கயிறு, பிறகு கோல், கடைசியில் ரீல்.

கயிறு: கயிற்றின் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு அதற்கு எண் தரப்படுகிறது. 3ஆம் எண் 100 கிரெயின், 4ஆம் எண் 120, 5ஆம் எண் 140, 6ஆம் எண் 160. ஐந்தாம் எண் கயிற்றின் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் என்று கொள்ளலாம். குதிரைமயிர், பட்டு என்று தொடங்கிய கயிறு இன்று பிளாஸ்டிக் பூச்சுப் பெற்றதாகிவிட்டது. தொடக்கக்காரருக்கு மிதக்கும் கயிறே ஏற்றது.

கோல்: கயிற்றின் எண்ணும் கோலின் எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கோலின் பிடிக்கு மேல் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். கிளை தாழ்ந்த சிற்றோடைக்கு 3 அல்லது 4ஆம் எண், ஏழு முதல் எட்டடி நீளம் போதும். அகன்ற ஆற்றுக்கும் ஏரிக்கும் 5ஆம் எண், ஒன்பதடி. ஆறு மூங்கிற் பட்டைகளை அறுகோணமாக ஒட்டிச் செய்யும் கோல்கள் 19ஆம் நூற்றாண்டில் சிறந்து விளங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழையும், 1970களில் கார்பன் இழையும் வந்தன. கார்பன் கோல் எடை குறைந்தது, விரைவாக நிமிர்வது. ஆனால் மின்கம்பிக்கு அருகில் அதனை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

தங்கூசி: கயிற்றின் நுனிக்கும் ஈக்கும் இடையே சுமார் ஒன்பதடி நீளத்தில், போகப்போக மெலியும் தங்கூசி நரம்பைக் கட்ட வேண்டும். கனத்த கயிற்றை மீன் கண்டு மிரளாமலிருக்கவும், ஈ மெதுவாக நீரில் இறங்கவும் இது உதவும். நுனியின் பருமனை எக்ஸ் என்னும் எண்ணால் குறிப்பர். பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு; சுமார் 0.15 மில்லிமீட்டர். முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏற்ற எக்ஸ் எண் கிட்டும். பதினான்காம் எண் முள்ளுக்கு 5 எக்ஸ். முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதையும் நினைவில் கொள்க.

ரீல்: சிறு டிரவுட் மீனுக்கு ரீல் என்பது கயிறு சுற்றிவைக்கும் உருளையே. இதற்காகப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

இவற்றுள் எதுவும் வாங்க இயலாத மாணவரும் வருந்த வேண்டியதில்லை. ஜப்பானிய முறையைப் பின்பற்றிப் பன்னிரண்டடி மெல்லிய மூங்கிற்கழி ஒன்றின் நுனியில் அதே நீளத்துக்குச் சற்றுத் தடித்த தங்கூசியும், அதன் முடிவில் மூன்றடி மெல்லிய தங்கூசியும் கட்டினால் சிற்றோடைக்கு அதுவே நிறைவான கருவி. எறியும்போது கோல் தலைக்குமேல் வந்ததும் நிறுத்துங்கள். பின்னால் நூல் நீளும் வரை பொறுங்கள். பிறகு முன்னே செலுத்துங்கள். கையின் வலிமையால் ஆவது இதில் சிறிதே. நிறுத்தவும் பொறுக்கவும் தெரிவதே வித்தை.

ஈ கட்டுதல்

வேண்டிய பொருள்கள் சில. மேசையில் பொருத்தும் சிறு வைஸ், நூற்கட்டையைத் தாங்கும் பாபின் பிடி, கூரிய சிறு கத்தரி, ஒரு ஊசி, மெல்லிய நூல், முடிச்சின்மேல் தடவ நிறமற்ற நகப்பூச்சு. பழைய மோட்டார் காயிலிலிருந்து எடுத்த மெல்லிய செப்புக்கம்பி இருந்தால் நன்று.

மூழ்கும் ஈ: இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராகப் பணிபுரிந்த ஃபிராங்க் சாயர் அமைத்த ஈ இது. இதற்கு நூலே வேண்டாம். பதினான்காம் எண் முள்ளின் தண்டு முழுவதும் செப்புக்கம்பியைச் சுற்றி, நெஞ்சுப் பகுதியில் மட்டும் சிறு திமில்போல் தடிக்கச் செய்க. கம்பியை முள்ளின் வளைவருகே கொண்டுவந்து நிறுத்துக. சாயர் எடுத்தது ஃபெசன்ட் சேவலின் வால் இறகு இழைகளை. நமக்கு வான்கோழியின் கபில நிற இறகு போதும். நான்கு இழைகளின் நுனி இம்மியளவு வாலாக நீட்டி நிற்குமாறு கம்பியால் கட்டுக. பிறகு இழைகளையும் கம்பியையும் ஒன்றாக முறுக்கி முன்னோக்கிச் சுற்றுக. முள்ளின் காதருகே வந்ததும் இரண்டையும் பிரித்து, இழைகளைத் திமிலின்மேல் பின்னும் முன்னுமாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் கம்பியால் கட்டி முடித்துவிடுக. கால் இல்லை, இறகு இல்லை. நீந்தும் மே ஈ இளநிலை கால்களை உடலோடு ஒட்டிக்கொள்வதைச் சாயர் கரையில் நின்று கண்டிருந்தார். அதனால்தான் அவருடைய ஈக்குக் கால் இல்லை. 1958இல் வெளியான அவர் நூல் இம்முறையை உலகுக்கு அறிவித்தது.

மிதக்கும் ஈ: நூலால் தண்டை மூடுக. விறைப்பான சேவல் இறகின் ஐந்தாறு இழைகளைத் தண்டின் நீளத்துக்கு வாலாகக் கட்டுக. முயல்மயிரையோ கம்பளியையோ பஞ்சுபோல் பிரித்து, மெழுகு தடவிய நூலில் முறுக்கி, உடலாக மெல்லிதாகச் சுற்றுக. பிறகு சேவற்கழுத்து இறகு ஒன்றின் அடியைக் கட்டி, நான்கைந்து சுற்று நெருக்கமாகச் சுற்றுக. இழைகளின் நீளம் முள்ளின் வாயகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். காதருகே சிறிது இடம் விட்டு முடிச்சிட்டு நகப்பூச்சைத் தொடுக. அளவுக்கு மீறி எதையும் கட்டாதீர்கள். குண்டான ஈ பார்வைக்கு அழகு. நீரில் அது தவறாக அமரும்.

இவ்விடத்தில் என் பாட்டனாரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். துரைமார் டிரவுட் பிடிக்க வரும்போது அவர்களுடைய பையையும் வலையையும் சுமந்து ஓடையோரம் நடந்தவர் அவர். அறுந்துபோன ஈக்களைப் பிரித்துப் பார்த்துத் தாமே கட்டக் கற்றுக்கொண்டார். வீட்டுச் சேவலின் கழுத்திறகும் பாட்டியின் தையல் நூலும்தான் அவருக்குக் கிடைத்தவை. எந்த மடுவில் எந்த மாதம் என்ன பூச்சி எழும்பும் என்று அவரிடம் கேட்டுத்தான் துரைமார் கோலை எடுப்பார்களாம். ஆனால் உரிமச்சீட்டு வாங்கித் தம் பெயரில் ஒரு நாளும் அவர் தூண்டில் போட்டதில்லை. அதற்கான பணம் அவர் கூலிக்கு எட்டாதது. அவர் கட்டிய ஈக்கள் ஒன்பது, ஒரு தகரப் புகையிலை டப்பாவில் இன்றும் எங்கள் வீட்டில் உள்ளன. அவற்றைச் சாயரின் ஈக்கு அருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆற்றின் காவலரும் பை சுமந்தவரும் ஒரே பாடத்தைக் கற்றிருந்தார்கள். இரண்டிலும் தேவையற்ற ஓர் இழைகூட இல்லை. இது சீமான்களின் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்கும் மாணவர்க்கு நான் அந்த டப்பாவைத்தான் காட்டுவேன்.

இறகு யாருடையது?

விக்டோரியா மகாராணியார் காலத்துச் சால்மன் ஈக்கள் பலவற்றின் பக்கவாட்டில் அரக்குத் துளிபோல் பளபளக்கும் புள்ளியுடைய இறகு ஒன்று கண்போல் பதிக்கப்பட்டிருக்கும். அது நம் தென்னாட்டுக் காடுகளில் கூவும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகு. கடல் கடந்து வாழும் ஒரு மீனை மயக்குவதற்காக நம் காட்டுச்சேவல்கள் கொல்லப்பட்டுத் தோலோடு கப்பலேறின. இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைக் காக்கிறது. பிளாஸ்டிக்கில் செய்த மாற்றுப் பொருளும் கிடைக்கிறது. ஆகவே ஈ கட்டுவோர் காட்டுப் பறவையின் இறகை நாட வேண்டாம். கோழிக்கடையில் எறியப்படும் நாட்டுச்சேவலின் கழுத்திறகும், வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் மெல்லிறகும் நமக்குப் போதும். பின்னது இயல்பாகவே நீர் ஒட்டாதது.

விதிமுறைகள்

மீன்துறையின் அனுமதியின்றி டிரவுட் நீர்நிலைகளில் தூண்டில் போடலாகாது. காப்புக்காட்டுக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அனுமதி பெற்றுச் செல்லும்போது, மீனை மீண்டும் விட எண்ணினால், முள்ளின் உட்புறத்தில் பின்னோக்கி நிற்கும் கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் உடலின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். வெயிலில் நீர் சூடேறிய நாளில் பிடிக்காதிருப்பதே நலம். வெந்நீரில் போராடிக் களைத்த டிரவுட் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

டிரவுட் நம் மலையில் பிறந்த மீன் அன்று என்பதையும் விலங்கியல் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். நியூசிலாந்தில் குடியேற்றப்பட்ட டிரவுட், அந்நாட்டுக்கே உரிய கேலக்சியஸ் இனச் சிறுமீன்களைப் பல ஓடைகளில் அருகச் செய்துவிட்டது. எனவே குஞ்சுகளைத் தம் விருப்பப்படி வேறு ஓடையில் கொண்டுபோய் விடுவது எவருக்கும் உரியதன்று.

மாணவ நண்பர்களே! இக்கலையைத் தொடங்கப் பணமும் அனுமதிச்சீட்டும் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் ஓடும் எந்த நீரோடைக்கும் செல்லுங்கள். ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் இருப்பதை ஒரு வெண்ணிறத் தட்டில் இட்டு, கால்களையும் வால்களையும் எண்ணுங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் வரைந்து, பிறகு அதனை நூலாலும் இறகாலும் கட்டிப் பாருங்கள். கட்டும்போதுதான் எதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது விளங்கும். மறுநாளும் அதே ஓடைக்குச் செல்ல வேண்டியிருக்கும். கல்லைப் புரட்டியபின், இருந்தவாறே திருப்பி வைத்துவிட்டு வாருங்கள். அதனடியில் குடியிருப்போர் பலர்.